240 ஃபாரம்ல 60 சந்தேகமா இருக்கு, தூக்கிப் போட்ரவா? (சுங்கை சிப்புட் குடும்பச் சர்வே)

சிப்புட் தங்கச்சி
வணக்கம் அண்ணங்களே அக்காங்களே, அவசரமா ஒரு உதவி வேணும். நான் மாஸ்டர்ஸ் பண்றேன், ஊரு மலேசியா பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட். தோட்டத்த விட்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்துட்ட குடும்பம், இன்னும் லயத்துலயே (தோட்டத்து வரிசை வீடு) இருக்கற குடும்பம், ரெண்டுலயும் வருமானம் எப்படி, மனசு எப்படி இருக்குன்னு 240 வீட்ல சர்வே எடுத்தேன் (தோட்டத்து பேர் போடல, எதிக்ஸ்ல வாக்கு குடுத்துருக்கேன்). கேள்வி கேக்க நாலு பிள்ளைங்க போனாங்க, ஆளுக்கு 60 வீடு, ஆளுக்கு ஒரு ஏரியா, எல்லாம் கோபோல (போன்ல ஃபாரம் ரொப்பற ஆப்).

இப்ப மூணு பிரச்சன. ஒரு பொண்ணோட 60 ஃபாரமும் ஆறு ஏழு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு, மத்த மூணு பேருக்கும் அர மணி நேரத்துக்கு மேல ஆகுது, அதோட அவ ஜிபிஎஸ் புள்ளி எல்லாமே ஒரே எடத்துல நிக்குது. ரெண்டாவது, மாத வருமானம் 1700 வெள்ளிலயும் (ரிங்கிட்) 2000லயும் குமிஞ்சு கெடக்கு. மூணாவது, மனநலம் கேட்ட 10 கேள்வில (பதில் 1லேர்ந்து 5 வரைக்கும்) மூணு எதிர்மறையா இருக்கு, அத 6லேர்ந்து கழிச்சு திருப்பிப் போட்டா ஆல்ஃபா (கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு காட்ற எண்) ஏறும்னு படிச்சேன், எனக்கு 0.58 இருந்தது 0.31க்கு எறங்கிருச்சு.

சுப்பர்வைசர் அந்த 60ஐயும் எடுத்துருன்னு சொல்றாரு. டிசம்பர்ல ஒப்படைக்கணும், நேத்து ராத்திரி பூரா தூங்கல.

தைப்பிங் டேட்டா அண்ணன்
தங்கச்சி, எதையும் இப்ப அழிக்காத, மொத ஃபைல ஒரு காப்பி எடுத்து வச்சிரு.

கோபோல காட்ற நேரம் வந்து ஃபாரம் தொறந்ததுலேர்ந்து முடிச்ச வரைக்கும் உள்ள நேரம், பேட்டி எடுத்த நேரம் இல்ல. அந்தப் பொண்ணு பேப்பர்ல எழுதிட்டு வீட்ல உக்காந்து தட்டிருந்தா ஏழு நிமிஷந்தான் காட்டும், ஜிபிஎஸும் அவ வீட்டத்தான் காட்டும். பொய்யா ரொப்புனாலும் இதே மாதிரிதான் காட்டும்ங்கறதாலதான் நேரத்த மட்டும் வச்சு ஒரு பிள்ளைய குத்தம் சொல்லக் கூடாதுங்கறேன். பொய்யா ரொப்பறவங்க வேலைய சுருக்கத்தான் பாப்பாங்க, "வேற வருமானம் உண்டா"ன்னா "இல்ல"ன்னு போட்டு அடுத்த பத்து கேள்விய தாண்டிருவாங்க, எழுதற பெட்டி எல்லாம் காலியா கெடக்கும். அவளோட "மத்தவை" பெட்டிய தொறந்து பாரு. அப்புறம் நாலு பேர் ஃபாரத்துலயும், அவளோடது மட்டும் இல்ல, ஆளுக்கு ஆறேழு வீட்ட குலுக்கி எடுத்து நீயே போயி நாலஞ்சு கேள்விய திரும்பக் கேளு. அவகிட்டயும் பேசு, ஆனா "ஏன் இப்படி பண்ண"ன்னு ஆரம்பிக்காத, "எப்படிம்மா எடுத்த"ன்னு கேளு.

இன்னொன்னு, ஆளுக்கு ஒரு ஏரியான்னு பிரிச்சியே, அங்கதான் பெரிய சிக்கல். அந்த 60ஐ தூக்குனா அந்த ஏரியாவே உன் ஆராய்ச்சில இல்லாம போயிரும். வித்தியாசம் தெரிஞ்சாலும் அது எடத்தால வந்ததா கேட்ட ஆளால வந்ததான்னு பிரிக்க முடியாது. இதுக்குத்தான் 1930கள் கடைசிலயே வங்காளத்துல சணல் பயிர் சர்வே எடுத்தப்ப மகாலனோபிஸ்ங்கற புள்ளியியல் நிபுணர் ஒரே ஏரியாவுக்குள்ள ரெண்டு மூணு ஆளுங்கள தனித்தனி மாதிரியோட அனுப்பி ஒத்துப் பாத்தாரு. நீ அடுத்த தடவ அப்படிச் செய்யி. இப்போதைக்கு ஒரு கணக்க மனசுல வச்சுக்கோ: ஒரே ஆளு எடுத்த பதில்களுக்குள்ள ஒட்டு (பதிலுங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கற அளவு) வெறும் 0.02 இருந்தாலே 1 + 59 × 0.02 = 2.18 வருது (59ங்கறது 60ல ஒண்ணு கொறச்சது), 240ஐ அதால வகுத்தா உன் 240 வீடு 110 வீட்டுக்குத்தான் சமம்.

பழைய கிராணி
மகளே, நான் 31 வருசம் தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல் (ஆளுங்க வேலைக்கு வந்த கணக்கு, சம்பளக் கணக்கு) எழுதுனவன். கம்ப்யூட்டர் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனா 1700 ஏன் குமியுதுன்னு தெரியும். 2025 பிப்ரவரி 1லேர்ந்து கொறஞ்ச பட்ச சம்பளம் 1500லேர்ந்து 1700 வெள்ளி ஆச்சு, அப்ப அதச் சொல்றவன் பொய் சொல்லல, சட்டமே அங்க குமிச்சு வச்சிருக்கு. 2000தான் சும்மா வாய்க்கு வந்த ரவுண்டு கணக்கு.

நீ "மாத வருமானம் எவ்வளவு"ன்னு ஒரே கேள்வியா கேட்டிருப்ப, அதான் தப்பு. செம்பனைப் பழம் வெட்றவனுக்கு மாசா மாசம் ஒரே சம்பளமா வருது? மழ பிடிச்சா ஒரு மாதிரி, காய்ப்பு நல்லா இருந்தா ஒரு மாதிரி. உதிரிப் பழம் பொறுக்கற பொம்பள வாங்கறத புருஷன் சம்பளத்தோட சேத்துச் சொல்லுவாளா தனியாச் சொல்லுவாளா? மகன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பறது அவங்க கணக்குல வருமானமே இல்ல, "பையன் குடுக்கறான்" அவ்வளவுதான். அந்தக் காலத்து மந்திரி துன் சம்பந்தன் 1960ல ஆரம்பிச்ச நிலநிதி கூட்டுறவுல பங்கு வச்சிருக்கற பெருசுங்க இன்னும் இருக்காங்க, அந்த டிவிடெண்டயும் சம்பளம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, கையில போன வச்சிக்கிட்டு ஒரு பிள்ள வந்து வருமானம் கேட்டா பந்துவான (அரசாங்க உதவிய) வெட்டத்தான் வந்துருக்குன்னு நெனச்சு கொறச்சுத்தான் சொல்லுவாங்க. பயப்படறவங்கள பொய்க்காரங்கன்னு எழுதிராதம்மா.

தைப்பிங் டேட்டா அண்ணன்
ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. அரசாங்கம் எடுக்கற குடும்ப வருமானச் சர்வேலயும் சம்பளம், சொந்தத் தொழில், சொத்துலேர்ந்து வர்றது, பிள்ளைங்க அனுப்பறது உதவி கெடைக்கறதுன்னு நாலா பிரிச்சுத்தான் கேக்கறாங்க.

பீடோர் டீச்சர்
தங்கச்சி, அந்த எதிர்மறை கேள்விங்களோட தமிழ் வாசகத்த அப்படியே போடுங்களேன்.

சிப்புட் தங்கச்சி
அக்கா, நாலாவது: "எனக்கு ஆதரவளிக்க எவரும் இல்லை." ஏழு: "என் எதிர்காலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை." ஒம்பது: "என் வாழ்க்கையில் நிம்மதி இல்லை." இங்கிலீஷ்லேர்ந்து நானே மொழிபெயர்த்தேன், ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் உடன்படுகிறேன், உடன்படவில்லைன்னு.

பீடோர் டீச்சர்
அப்ப உங்க ஆல்ஃபா எறங்குனதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. வாசல்ல ஒரு ஆன்ட்டி நெத்திலி கிள்ளிக்கிட்டு உக்காந்துருக்காங்க, இந்தப் பிள்ள "எனக்கு ஆதரவளிக்க எவரும் இல்லை, உடன்படுறீங்களா"ன்னு படிக்குது, ஆன்ட்டி தலைய நிமுத்தாம "இல்லம்மா"ங்கறாங்க. அந்த "இல்ல"க்கு என்ன அர்த்தம்? "நீ சொல்றது சரியில்ல, எனக்கு ஆளுங்க இருக்காங்க"ன்னும் வரும், "ஆமாம்மா, யாரும் இல்ல"ன்னும் வரும். "ஆமா"ன்னு சொன்னாலும் அதே கதைதான். இங்கிலீஷ்ல எழுதன கேள்வி ஒரு வாக்கியத்துக்கு உடன்பாடு கேக்குது, நம்ம ஆளுங்க ஆளு இருக்கா இல்லையாங்கறதுக்கு பதில் சொல்றாங்க. அதுலயும் "எவரும்", "ஆதரவளிக்க"ன்னு வீட்ல யாரு பேசறா? புரியலன்னு சொல்ல கூச்சப்பட்டு தலையாட்டிருவாங்க, பிள்ளையும் நாலுல ஒரு டிக் போட்டுட்டு நகந்துரும்.

திருப்பிப் போட்டதும் ஆல்ஃபா கீழ எறங்குதுன்னா அந்த மூணுக்கும் பதில் எதிர்ப்பக்கம் போகலன்னு அர்த்தம். நாலு பிள்ளைங்க டேட்டாவ தனித்தனியா பிரிச்சு, அந்த மூணு கேள்விக்கும் மத்த ஏழுக்கும் தொடர்பு எப்படி வருதுன்னு ஓட்டிப் பாருங்க.

சிப்புட் தங்கச்சி
ஓட்டிப் பாத்தேன் அக்கா, கை நடுங்குது. மூணு பேரோட டேட்டால தொடர்பு பூஜ்யத்துகிட்ட நிக்குது, சிலதுல நேராவே வருது. எதிரா வரவேண்டியது எதிரா வந்துருக்கறது ஒரே ஒருத்தியோடதுலதான். நான் தூக்கிப் போட இருந்த அந்த 60ல!

அண்ணன் சொன்ன மாதிரி "மத்தவை" பெட்டியும் பாத்தேன், மத்தவங்களோடது பாதி காலி, அவளோடது நெறைய எழுதிருக்கு: "மருமக கிள்ளான்ல வேல, மாசம் 300 அனுப்பறா", "ஆடு 4 இருக்கு, தீபாவளிக்கு விப்பாங்க". உடனே போன் போட்டேன். போன எடுத்தா எல்லாரும் வெறச்சுப் போறாங்கன்னு கேள்வித்தாள பிரிண்ட் எடுத்து, அதுல பென்சில்ல எழுதிட்டு ராத்திரி வீட்ல தட்டிருக்கா. நாலாவது கேள்விய நான் எழுதன மாதிரி படிக்கவே இல்லயாம், "ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாத்துக்குவா ஆன்ட்டி"ன்னு கேட்டு பதில வச்சு டிக் போட்டாளாம். அறுபது தாளும் ஒரு மைலோ டின்னுல இருக்கு. நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரியாது, நெனச்சா அழுகையா வருது. ஆனா வாசகத்த மாத்திக் கேட்டது தப்பில்லையா?

தைப்பிங் டேட்டா அண்ணன்
தப்பு சரின்னு ஒரே வார்த்தைல சொல்ல முடியாது. எல்லார்கிட்டயும் ஒரே வாசகத்த படிக்கணும்ங்கறது ஒரு பக்கம். 1997ல ஷோபர், கான்ராட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சோதிச்சுப் பாத்தாங்க, ஆளோட நெலம கேள்விக்குள்ள நேரா பொருந்தாதப்போ, பேசி புரியவச்சு கேட்டா பதில் சரியா வருது, ஆனா நேரம் கூட ஆகுதுன்னு கண்டாங்க. உன் கேஸ்ல ஒருத்தி மட்டும் மாத்திக் கேட்டதால மத்த மூணு பேரோட அப்படியே கலக்க முடியாது. அந்த மூணு கேள்வியையும் மொத்தமா எடுத்துட்டு ஏழு கேள்விக்கு ஆல்ஃபா போடு. எடுத்ததையும் ஏன் எடுத்தங்கறதையும் மறைக்காம தீசிஸ்ல எழுது, ஆளுக்கு ஆள் பிரிச்ச அட்டவணையும் போடு. 60 ஃபாரத்த வச்சுக்கோ. தாள்ல பேரு, வீட்டு நம்பர் இருந்தா மைலோ டின்னுல விட்டு வைக்காத, இன்னைக்கே வாங்கிப் பூட்டி வையி.

சிப்புட் தங்கச்சி
ஏழு கேள்விக்கு 0.76 வருது அண்ணே! அட்டவணையோட சுப்பர்வைசருக்கு அனுப்பிட்டேன், வியாழக்கெழம வரச் சொல்லிருக்காரு. சனிக்கெழம நாலு ஏரியாலயும் ஆறு ஆறு வீடு நானே போறேன். அந்தப் பொண்ணயும் கூட்டிட்டுப் போறேன், எல்லாத்தயும் அவகிட்ட சொல்லி மொத மன்னிப்பு கேட்டுட்டு. கிராணி ஐயா, வருமானத்த நாலா பிரிச்சுக் கேக்க ஒரு தாள் எழுதிருக்கேன், உங்களுக்கு அனுப்பவா? வீட்ல பேசற தமிழா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

பழைய கிராணி
அனுப்பும்மா. பெரிய எழுத்தா அனுப்பு. காலைல பெரட்டு (பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பறது) முடியற நேரத்துல வீட்டுப் பக்கம் போகாத, ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க, சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல போ.