கவர் மேசையில் ஒட்டுகிறது, தொட்டால் ஷாக். எர்த் போட்டும் போகவில்லை, உதவுங்கள்

கவர்க்கடை_திருப்பூர்:
வணக்கம். பனியன் கம்பெனிகளுக்கு பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) கவர் அடித்துக் கொடுக்கிறோம், சைடு சீலிங் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து அதோடு மல்லுக்கட்டுகிறேன். வெட்டி விழுகிற கவர் அடுக்காக உட்காராமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு உப்பி நிற்கிறது, அடியில் கிடக்கிற கவரோ எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மேசையில் பசை தடவினாற்போல ஒட்டிக்கொண்டு நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. அடுக்குகிற அக்காவுக்கு மேசை விளிம்பில் கை பட்டால் சுளீரென்று அடிக்கிறது. காலையில் ஒன்றும் இல்லை, பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணி வாக்கில் உச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே மெஷின், இதே ரோல், ஒரு புகாரும் கிடையாது.

எலக்ட்ரீஷியன் வந்து உப்பும் கரியும் போட்டுப் புதிதாக ஒரு எர்த் குழி எடுத்துக் கொடுத்தார். காசு போனதுதான் மிச்சம்.

எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்று. நான் கவரைத் தொடுவதே இல்லை. ரோல் பக்கத்தில் மெஷின் பாடிமேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெளியே போக கிரில் கேட் கொக்கியைத் தொட்டால் எனக்கும் அடிக்கிறது. கேட்டுக்கும் மெஷினுக்கும் பத்தடி தூரம், நடுவில் ஒரு வயரும் கிடையாது. கரண்ட் எப்படி அங்கே போகிறது?

வயர்மேன்77:
நியூட்ரல் லூசாக இருக்கும். மெயினை ஆஃப் பண்ணி எல்லா கனெக்‌ஷனையும் டைட் வையுங்கள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் உடனே போடுங்கள்.

ஸ்பின்னிங்_மெயின்டனன்ஸ்:
ஆர்சிசிபி எப்படியும் வேண்டும்தான், ஆனால் இது லீக்கேஜ் மாதிரித் தெரியவில்லை. லீக்கேஜுக்கு ஐப்பசியும் மாசியும் ஒன்றுதான், சொல்லப்போனால் மழைக்காலத்தில்தான் கூடும்.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நியான் பல்பு வைத்த சாதாரண டெஸ்டர் இருக்கும் இல்லையா, அந்த அக்காவை அதன் பின்பக்க மூடியில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு முனையால் மேசையைத் தொடச் சொல்லுங்கள். தொட்டிருக்கும் வரை எரிந்துகொண்டே இருந்தால் மெயின் கரண்ட், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு மினுக்கு மினுக்கி அணைந்துவிட்டால் ஸ்டேட்டிக், அதாவது பொருள்மேல் தேங்கி நிற்கும் மின்னூட்டம்.

கவர்க்கடை_திருப்பூர்:
செய்தாயிற்று அண்ணா. ஒரே ஒரு மினுக்குதான். திரும்பத் தொட்டால் இல்லை. ஐந்து நிமிடம் அடுக்கிவிட்டுத் தொட்டால் மறுபடி ஒரு மினுக்கு. இன்னொன்று, டெஸ்டரால் தொட்டால் அக்காவுக்கு ஷாக்கே தெரியவில்லை. இப்போது டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலை செய்கிறார்.

பழைய_வாத்தியார்:
டெஸ்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் அந்த மின்னூட்டத்தைத் தேங்காமல், பாயாமல், நிதானமாக இறக்கிவிடுகிறது, அதனால்தான் சுருக்கென்று குத்தவில்லை. கெட்டிக்கார அக்கா.

தம்பி, உரசினால் மின்னூட்டம் வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உரசவே வேண்டாம், இரண்டு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரிந்தாலே போதும். செல்லோடேப்பைச் சட்டென்று உரித்துக் கையருகே கொண்டு போனால் கை ரோமத்தை இழுக்கும், அங்கே யார் உரசினார்கள்? ஒட்டியிருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் எலக்ட்ரான் போய்விடுகிறது, பிரிக்கும்போது திரும்பி வர வழியில்லை. உரசல் தொடும் இடங்களை அதிகமாக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் ஃபிலிம் ரோலிலிருந்து பிரிகிறது, ரப்பர் ரோலர், ஸ்டீல் ரோலர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பிரிகிறது. பிபி பெரும்பாலும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிற ஜாதி, வாங்கியதைச் சுலபத்தில் விடாது.

எல்லாக் கவரிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது. மேசையில் ஒட்டுவது வேறு கணக்கு. கவரில் எதிர் மின்னூட்டம் (நெகட்டிவ்) இருந்தால் மேசையின் மேற்பரப்பிலிருக்கும் எலக்ட்ரான்கள் கீழே விலகிப்போகும், மேலே நேர் மின்னூட்டம் நிற்கும், கவரை இழுக்கும். தூண்டல் என்பது இதுதான்.

உங்கள் கேட் ஷாக்கும் அதே தூண்டல்தான். ரோல் பக்கத்தில் நிற்கும்போது உங்கள் உடம்பிலிருக்கும் எலக்ட்ரான்களை ரோல் தள்ளுகிறது, மெஷின் பாடியில் கை இருப்பதால் அவை அந்த வழியாக எர்த்துக்கு ஓடிவிடுகின்றன. கையை எடுத்துவிட்டு ரப்பர் செருப்போடு நகர்ந்தால் எலக்ட்ரான் குறைந்த ஆளாகத்தான் கேட்டுக்குப் போகிறீர்கள். கொக்கியைத் தொட்டதும் குறைந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாக வந்து சேர்கிறது. கரண்ட் எங்கேயும் போகவில்லை, நீங்கள்தான் அதைச் சுமந்து போனீர்கள்.

உடம்பில் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஆளுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குச் சுளீரென்கிறது என்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஒன்றும் இல்லை.

கவர்க்கடை_திருப்பூர்:
வாத்தியார் ஐயா, கேட் விஷயம் இப்போதுதான் மண்டைக்குள் போனது. அப்படியானால் எர்த் ஏன் வேலை செய்யவில்லை?

ஸ்பின்னிங்_மெயின்டனன்ஸ்:
மெஷினுக்குத்தான் எர்த் கொடுத்திருக்கிறீர்கள், ஃபிலிமுக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஒரு மூலையில் வயர் கட்டினால் அந்த மூலை மட்டும்தான் காலியாகும். காற்று வழியாகத்தான் அதை அழிக்க வேண்டும். எங்கள் மில்லில் பாலியெஸ்டர் ஓடும்போது காற்றில் ஈரப்பதம் இறங்கினால் மின்னூட்டம் போகாமல் தங்கி, பஞ்சு ரோலரைச் சுற்றிக்கொள்ளும், அதனால் டிபார்ட்மென்ட்டில் 55 சதவீதத்துக்குக் கீழே விடமாட்டோம்.

ஐயனைசர் பார் (கரண்ட்டில் காற்றை அயனியாக்கி மின்னூட்டத்தை அழிக்கும் பட்டை) வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிஸ்ட்ராண்ட் காப்பர் வயரை எடுத்து இரண்டு அங்குலம் தோலை உரித்து, இழைகளைத் துடைப்பம் மாதிரி விரித்து, அப்படி ஏழெட்டை ஒரு பட்டையில் வரிசையாகக் கட்டி எர்த் பண்ணுங்கள். கடைசி ரப்பர் ரோலர் தாண்டியதும் ஃபிலிம் அந்தரத்தில் ஓடுகிற இடத்தில், முனை ஃபிலிமில் இடிக்காமல் கால் அங்குலம் தள்ளி நிற்கட்டும். ஸ்டீல் ரோலர் மேலேயே வைத்தால் பலிக்காது. கூர்முனையில் காற்று அயனியாகி மின்னூட்டத்தைத் தின்றுவிடும்.

அக்கா எதன்மேல் நிற்கிறார்?

கவர்க்கடை_திருப்பூர்:
கால் வலிக்கிறது என்று ரப்பர் மேட் போட்டுக் கொடுத்தேன்.

ஸ்பின்னிங்_மெயின்டனன்ஸ்:
அதை முதலில் எடுங்கள்!

சிவகாசிக்காரன்:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த ரூமில் பிரின்டிங் உண்டா? தின்னர் இருக்கிறதா?

கவர்க்கடை_திருப்பூர்:
மூலையில் ஸ்கிரீன் பிரின்டிங் டேபிள் ஒன்று இருக்கிறது. தின்னர் கேன் அதற்கு அடியில்தான்.

சிவகாசிக்காரன்:
இன்றைக்கே வெளியே எடுங்கள் நண்பரே. ஆள் உடம்பில் 10,000 வோல்ட் ஏறினால் பொறியில் சுமார் 5 மில்லிஜூல் இருக்கும். தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீனின் ஆவி சரியான அளவில் காற்றில் கலந்திருந்தால் கால் மில்லிஜூல் போதும் பற்றிக்கொள்ள. எங்கள் ஊர்ப் பட்டாசு வேலையில் நைலான், பாலியெஸ்டர் உடுத்த விடாமல் பருத்தி கட்டச் சொல்வது சும்மா இல்லை. கவர் ஒட்டினால் நஷ்டம் நூறோ இருநூறோ.

கவர்க்கடை_திருப்பூர்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். தின்னரும் ஸ்கிரீன் டேபிளும் அன்றைக்கே பின்கட்டுக்குப் போய்விட்டன. முதலில் சோம்பேறித்தனமாக ஃபேன்சி ஸ்டோரில் ஜிகினா மாலை வாங்கிக் கட்டினேன், ஒரு மண்ணும் நடக்கவில்லை. அது பிளாஸ்டிக்காம், மேலே பூச்சுதான் பளபளப்பு. அப்புறம் காப்பர் வயரையே உரித்துக் கட்டினேன். இருட்டில் பார்த்தால் இழை நுனிகளில் ஊதாவாக லேசாகப் புள்ளி தெரிகிறது, பையன் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான்.

மேட்டை எடுத்துவிட்டு எர்த் பண்ணிய தகரம் போட்டேன். அக்கா ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார், ஷாக் இல்லை. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கினேன், மூன்று மணிக்கு 27 சதவீதம் காட்டியது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் 40 வரை வருகிறது. பெரிய கவர் அழகாக அடுக்குகிறது. குழந்தை ஜட்டிக்குப் போடுகிற சின்னக் கவர் மட்டும் இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது.

ஸ்பின்னிங்_மெயின்டனன்ஸ்:
காப்பர் இழை ஒரு அளவுக்கு மேல் இருப்பதைத்தான் இறக்கும், மிச்சம் சில ஆயிரம் வோல்ட் ஃபிலிமிலேயே நிற்கும். எடை இல்லாத கவருக்கு அதுவே அதிகம். அதற்கு ஐயனைசர் பார்தான், வாங்கினால் வாரம் ஒருமுறை முனைகளைப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். அதுவரை சின்னக் கவரைக் காலை ஷிப்டில் ஓட்டுங்கள்.