சீனி வருத்தக்காரரின் காலும் 'எட்டுகை' என்ற சொல்லும்

அன்பின் கலைச்சொல் குழுமத்தாருக்கு,

யாழ்ப்பாணத்து ஐயா போன கிழமை தொடங்கிவைத்த இழையைத் தாமதமாகத்தான் படித்தேன். நீரிழிவுக்காரரின் பாதத்தில் குருதி எப்படிப் போகிறது என்று காட்டும் படங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்பது அவருடைய கேள்வி. பதினொரு பதில்கள் வந்திருக்கின்றன. பதினொன்றிலும் 'குருதியோட்டப் படம்' என்ற ஒரே சொல்தான் வெவ்வேறு புணர்ச்சியோடு வந்துபோகிறது. அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என் சின்னம்மா இருக்கிறார். ஆயுள் முழுவதும் மலையில் நின்றவர்; ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பல வருடம். வலது காலின் இரண்டாம் விரலில், மெட்டி தேய்ந்து தேய்ந்து பள்ளம் விழுந்த இடத்தில், ஒரு புண் வந்தது. அட்டை கடித்திருக்க வேண்டும். கால் மரத்துப்போயிருந்ததால் கடித்ததும் தெரியவில்லை, புண் பெருத்ததும் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்புத்தான் என் சோறு என்பதால் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொன்னேன்.

வைத்தியர் கணுக்காலில் களிம்பைத் தடவி, குருதி ஓடுவதைச் சத்தமாகக் கேட்கவைக்கும், பேனா போன்ற டொப்ளர் கருவியை வைத்தார். 'உஷ், உஷ்' என்று சத்தம் வந்தது. பிறகு விரல் நுனியைத் தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்து விட்டார். அழுத்திய இடம் சுண்ணாம்பு வைத்தது போல வெளுத்துக் கிடந்தது. இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் நிறம் திரும்ப வேண்டுமாம். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். ஏழிலும் திரும்பவில்லை.

அவர் சொன்னது இரண்டு வெவ்வேறு செய்திகள். பெரிய நாடி கணுக்கால் வரை திறந்திருக்கிறது என்பது ஒன்று. விரலின் தசைக்குக் குருதி போய்ச் சேருகிறதா என்பது சந்தேகம், அடுத்த கிழமை வந்தால் அதற்கென்று ஒரு படம் எடுக்கலாம் என்பது மற்றது. நான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டேன்: "கணுக்கால் வரைக்கும் இரத்த ஓட்டம் இருக்கிறதாம். விரலிலும் இரத்த ஓட்டம் பார்க்க வேண்டுமாம்." சின்னம்மா முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறதை எதற்கு இன்னொரு தடவை பார்ப்பது? அது கொழுந்து நிறையும் காலம் வேறு. மூன்று கிழமை கழித்து விரல் கறுத்த பிறகுதான் திரும்பப் போனோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே 'குருதியோட்டப் படம்' என்பதை நான் ஏற்கமாட்டேன். 'ஓட்டம்' என்பது வாய்க்காலைப் பற்றிய சொல். வயல் நனைந்ததா என்பதை அது சொல்லாது. இங்கே மலையில் இன்னும் எளிதாகச் சொல்லலாம்: பாதை திறந்திருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது, ஆனால் சந்தியோடு திரும்பிவிடுகிறது. லயத்துக்கு யாரும் வந்து சேரவில்லை.

நீரிழிவுக்காரரின் காலில் இந்த வேறுபாடு மற்றவர்களின் காலைவிடப் பெரிது. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது வழமை. 0.9க்குக் கீழே வந்தால் நாடி ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் பல வருடச் சீனி வருத்தம் நாடியின் சுவரில் சுண்ணாம்பைப் படியவைத்துவிடும். அழுத்தம் பார்க்கும் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் நசுங்காது. விகிதம் 1.4ஐத் தாண்டும், அல்லது, இதைவிட மோசம், 1.1, 1.2 என்று நல்ல பிள்ளை போல நிற்கும். கால்விரலின் சிறு நாடிகளில் இந்தச் சுண்ணாம்பு குறைவு என்பதால்தான் விரலிலேயே அழுத்தம் பார்க்கிறார்கள். விரலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.7க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும்.

படங்களும் இரண்டு சாதிதான். அயடீன் கலந்த சாயத்தை நாடிக்குள் செலுத்தி எக்ஸ்-கதிரில் எடுப்பது முதற்சாதி. குழாய் எங்கே ஒடுங்குகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று அது காட்டும். 1896 ஜனவரியில் வியன்னாவில் துண்டிக்கப்பட்ட ஒரு கையில், அயடீன் அல்லாத வேறொரு கலவையைச் செலுத்தி, இவ்வகையில் முதற்படம் எடுத்தார்கள். 1964இல் அமெரிக்காவில் டொட்டர் என்ற வைத்தியர், காலை வெட்டவே விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த 82 வயதுப் பெண்ணின் தொடை நாடியைக் குழாய் விட்டு விரித்தார். அடைப்பு எங்கே என்று படத்தில் தெரிந்ததால் முடிந்த வேலை. (அந்தக் கிழவியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சின்னம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.) இந்தச் சாயம் பழுதான சிறுநீரகத்துக்குச் சுமை. நீரிழிவுக்காரரில் பலருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கும் என்பதால், சில இடங்களில் சாயத்துக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்துகிறார்கள்.

இரண்டாம் சாதி குழாயைப் பார்ப்பதே இல்லை; தோலையும் தசையையும் பார்க்கிறது. லேசர் ஒளியைப் பாதத்தில் விரித்தால் பொடிப்பொடியாக மினுங்கும். செங்குழியங்கள் நகரும் இடத்தில் அந்தப் பொடிகள் கலங்கும், நகராத இடத்தில் அசையாமல் நிற்கும். அந்தக் கலங்கலை நிறமாக மாற்றினால் பாதம் சிவப்பும் நீலமுமாகத் திரையில் வரும். இன்னொரு முறையில், கையின் நாளத்தில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத செந்நிறத்துக்கு அப்பாலான ஒளியில் பாதத்தைப் படம்பிடிக்கிறார்கள். இருண்டு கிடக்கும் பாதம் மெல்ல மெல்ல வெளிச்சமாகும். குருதி போகாத விரல் மட்டும் இருட்டாகவே நிற்கும்.

வெப்பப் படத்தையும் இதோடு சேர்க்கலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது வேறு, தம்பி. அது சூட்டைத்தான் அளக்கும். இரண்டு பாதத்துக்கும் நடுவே 2.2 பாகை செல்சியஸ் வித்தியாசம் நின்றால் உள்ளே அழற்சி என்று சந்தேகிப்பார்கள். அதையும் நுவரெலியாவில் மார்கழி விடியலில் எடுத்தால் ஊரில் எல்லாருடைய காலும் நீலமாகத்தான் வரும். நோயாளியை வெதுவெதுப்பான அறையில் கொஞ்ச நேரம் இருத்திவிட்டுத்தான் எந்தப் படமும் எடுக்க வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். முதற்சாதிக்கு 'குருதிவழிப் படம்' போதும். தகராறு இரண்டாவதில்தான்.

'குருதிப் பொசிவு' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிகிற அதே பொசிவு. ஆனால் புண்ணோடு வந்தவரிடம் 'பொசிவு' என்றால் கட்டுக்கு வெளியே இரத்தம் கசிகிறது என்று பயந்துபோவார். 'குருதி நனைவு' அதைவிடக் கோரம். 'குருதியூட்டம்' கேட்க அழகு, ஆனால் தோட்டத்துக் கிளினிக்கில் அதைச் சொன்னால் இரும்புச்சத்துக் குளிசை கேட்பார்கள். இரத்தம் குறைந்த பெண்கள் அங்கே அவ்வளவு பேர். 'குருதியேற்றம்' என்றால் போத்தலில் இரத்தம் ஏற்றுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

எனக்குச் சொல் தந்தது சின்னம்மாதான். விரலை எடுத்த பிறகு, நடந்ததை ஆறுதலாக விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நுனிக்கு எட்டவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டுதல். குருதியெட்டுகை. படம் என்றால் குருதியெட்டுகைப் படம். கிளினிக்கில் சுருக்கமாக எட்டுகைப் படம். வினையாகவும் நிற்கும்: எட்டுகிறது, எட்டவில்லை, அரைகுறையாக எட்டுகிறது. வினையாக நிற்காத கலைச்சொல் நோயாளியின் வாய்க்குப் போகாது என்பது என் அனுபவம்.

ஹட்டனிலிருந்து

~

வணக்கம் ஐயா,

உங்கள் சின்னம்மாவைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. சென்னையில் கால் புண்களோடு வரும் சர்க்கரை நோயாளிகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் 'நாடி', 'நாளம்' என்று வந்த இடங்களில் தடுக்கி விழுந்தேன். எங்களுக்குத் தமனி, சிரை. 'நாடி' என்றால் இங்கே மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. 'நாளம்' என்றால் சுரப்பியின் குழாய்; நாளமில்லாச் சுரப்பிகள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கையின் நாளத்தில் சாயம் ஏற்றுவது என்பதைப் படித்து ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன்.

'எட்டுகை' பற்றி: எண்ணாகிய எட்டோடு குழம்பாதா? எட்டுக் கை உள்ள அம்மன் படம் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். 'குருதிச் சேர்கை' என்று வைத்தால் என்ன?

~

மதிப்புக்குரிய வைத்தியர் அம்மாவுக்கும் ஹட்டன் தம்பிக்கும்,

இழையைத் தொடங்கியவன் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை. நாடி, தமனி வழக்கு இன்றைக்குத் தீராது. இங்கே பாடப்புத்தகத்தில் நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய். அங்கே தமனி, சிரை, தந்துகி. எங்கள் பக்கத்தில் மோவாய்க்கும் நாடி என்றே பெயர். 'நாடியில் அடைப்பு' என்றால் என் மனைவி தாடையைத் தடவிப் பார்ப்பாள். 1864இல் எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கியபோதும் இதே இடைஞ்சல்தான் இருந்திருக்கும். இரசாயனத்துக்கு அவர் 'கெமிஸ்தம்' என்று வைத்தார்; அது நிலைக்கவில்லை. மனிதர் அதற்காகப் படிப்பிப்பதை நிறுத்தவில்லை. தம்பி 'குருதிவழி' என்று வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: நாடியும் வேண்டாம், தமனியும் வேண்டாம். இரண்டு கரைக்கும் பொது.

'சேர்கை' எனக்குச் சரிப்படவில்லை, அம்மா. சீழும் சேரும், நீரும் சேரும். வீங்கிய காலில் சேர்ந்திருப்பது வேறு. எட்டுதலில் தூரம் இருக்கிறது. இதயத்திலிருந்து ஆகத் தொலைவிலுள்ள விரலுக்கு அது பொருந்தும். அம்மன் படத்தைப் பற்றிய பயம் தனிச்சொல்லாக எழுதும்போது மட்டும்தான். 'குருதியெட்டுகை' என்று யகர உடம்படுமெய்யோடு சேர்த்தே எழுதினால் எண் வராது.

~

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

எட்டுக் கை அம்மனைக் கேட்டுச் சின்னம்மா சிரித்தார். அப்படியானால் ஒரு கால்விரலையும் சேர்த்துத் தரச் சொல் என்றார்.

சேர்த்தே எழுதுவோம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒட்டுவதற்காக ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில், 'கணுக்காலில் சத்தம் கேட்டாலும் விரல் நுனிக்குக் குருதி எட்டுகிறதா என்று கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். கலைச்சொல்லைப் படத்தின் பெயராக அடியில் மட்டும் வைத்தேன். டிஸ்பென்சர் ஐயா படித்துப் பார்த்து ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். அவர் வழக்கமாக மூன்று கேள்வியாவது கேட்பவர்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அடைப்பை நீக்கிய பிறகு விரலுக்குக் குருதி திரும்பவும் போவதற்கு 'மீளெட்டுகை' என்று எழுதிப் பார்த்தேன். எழுதும்போது சரி, சொல்லும்போது நாக்கு மடங்குகிறது. 'திரும்ப எட்டியது' என்றே விட்டுவிடலாமா?