முகமூடிக்குப் பின்னால் மெய்யான பூதம்: 'மெட்லிங் கிட்ஸ்' நாவல் குறித்து ஓர் ஐயம்

ஏரிக்கரை வாசகர்:
வணக்கம். கத்தலோனிய எழுத்தாளர் எட்கர் கான்டேரோ 2017இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'மெட்லிங் கிட்ஸ்' நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். 1977இல் ஓரிகன் மாநிலத்தின் பிளைட்டன் ஹில்ஸ் என்னும் கற்பனை ஊரில், ஏரிப் பூதமாக வேடமிட்ட ஒருவனைப் பிடித்துக் கொடுத்த சிறுவர் துப்பறியும் குழு, 1990இல் மனம் நொறுங்கிய பெரியவர்களாக அங்கே திரும்புகிறது. நாவல் எனக்கு மிகவும் பிடித்திருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. 1969இல் தொடங்கிய, இளைஞர் குழுவும் ஒரு நாயும் துப்பறியும் ஸ்கூபி-டூ கார்ட்டூன் தொடரில் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே பேராசை பிடித்த ஒரு மனிதன்தான் இருப்பான். இருட்டுக்கு நடுங்கிய வயதில் எனக்குத் துணிவு தந்தது அதுவே. பூதத்தை மெய்யாக்கியதன் மூலம், தான் போற்றும் தொடரின் ஆணிவேரையே இந்நாவல் அறுத்துவிடவில்லையா?

பழைய துப்பறிவாளர்:
நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்ட தீர்வு, அன்றிரவு தான் கண்டவற்றுக்குப் பொருந்தவில்லை என்பதால்தான் குழுவில் ஒருத்தியான ஆண்டி, சிறையிலிருந்து வெளிவரும் அந்த முகமூடிக்காரனையே தேடிப்போய் விசாரிக்கிறாள். சான்றுக்கு ஒத்துவராத விடையை மறுப்பதைவிடப் பகுத்தறிவு வேறென்ன? மேலும், 1998இல் வந்த 'ஸ்கூபி-டூ ஆன் ஜாம்பி ஐலண்ட்' படத்திலேயே, பிரிந்துபோன குழு மீண்டும் கூடி மெய்யான பூதங்களைச் சந்தித்துவிட்டது. என்னை உலுக்கியது குழுவின் இன்னோர் உறுப்பினனான பீட்டரின் பகுதிதான். திரைநடிகனாகிப் பின்னர் இறந்துபோன அவன், குழுவின் மற்றொருவனான நேட்டின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான், வாதாடுகிறான், கிண்டல் செய்கிறான். அவன் ஆவியா, நண்பனை இழந்தவனின் நோயா என்ற ஐயத்தோடுதான் அப்பகுதிகளைப் படித்தேன். முகமூடியைக் கழற்றித் தீர்க்க முடியாத பேய் அது.

நூலக மேசை:
கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான் சற்றுச் சாய்கிறேன். இந்நாவல் கார்ட்டூனுக்கு மட்டும் வாரிசு அன்று. ஊரின் பெயர் ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டனை நினைவூட்டுகிறது. குழுவோடு வரும் டிம் என்னும் நாயும் அவருடைய 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகளின் நாயை நினைவூட்டுகிறது. நேட் அடைபட்டிருக்கும் மனநலக் காப்பகமோ அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் படைத்த ஆர்க்கம் என்னும் கற்பனை நகரில் இருக்கிறது. உண்மை தெரிந்தால் அச்சம் நீங்கும் என்பது கார்ட்டூனின் வழி. உண்மை தெரிந்தவனுக்கே மனம் பிறழும் என்பது லவ்கிராஃப்டின் வழி. முதற்பாதியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவது அருமையாக இருக்கிறது. பிற்பகுதியில் சண்டைகள் பெருகி, துப்பறிதல் மெலிந்துவிடுகிறது என்பதே என் குறை. உரையாடல்கள் திடீரென்று நாடகப் பிரதியின் வடிவத்துக்கு மாறுவதும் சில இடங்களில் அச்சத்தைக் கலைத்தது.

ஏரிக்கரை வாசகர்:
இருவருக்கும் நன்றி. ஆண்டி விசாரிக்கும் அத்தியாயத்தை வெறும் மிரட்டலாகவே படித்துக் கடந்திருந்தேன். அதையும் பீட்டர் வரும் பக்கங்களையும் இன்றிரவே மறுபடி படிக்கிறேன்.