மெனு அதேதான், சாப்பாடுதான் வேறு

வெண்ணெய்க்கத்தி:

வெண்ணெயிலேயே தெரிந்துவிட்டது. கத்தியை வைத்தால் இறங்கவில்லை, துண்டாகப் பெயர்ந்து வந்தது. தடவப் போனேன், ரொட்டி கிழிந்தது. குளிர்பெட்டியிலிருந்து நேராக மேசைக்கு வந்த வெண்ணெய். இதையெல்லாம் ஒரு குறை என்று எழுதுகிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். சாதாரண உணவகமாக இருந்தால் எழுதமாட்டேன். ஒரு மாலை முழுவதையும் கணிசமான பணத்தையும் வாங்கிக்கொள்கிற ஃபைன் டைனிங் உணவகத்தில், வெண்ணெயைக் கொஞ்சம் முன்னதாக வெளியே எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அடுத்து வரப்போகிறவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான்.

நானும் என் மனைவியும் முக்கியமான நாட்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த உணவகம் அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. நடுவில் சில ஆண்டுகள் போக முடியவில்லை. மறுபடி முன்பதிவு செய்தபோது மெனுவைப் பார்த்து இருவருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. நாங்கள் எப்போதும் கேட்டு வாங்கும் மீன், அந்த வெண்ணெய் சாஸோடு, ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

வந்த தட்டில் சாஸ் பிரிந்திருந்தது. நடுவில் புளிப்பான நீர், ஓரத்தில் மஞ்சள் நெய். அந்த சாஸ் செய்வதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒயினையும் வினிகரையும் சிறுவெங்காயத்தோடு வற்றவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கொழுப்பு தனியே விலகிவிடும். ஆறவிட்டுக் கட்டிப்பட்டதை மறுபடி சூடாக்கினாலும் அதே கதிதான். ஆகவே ஒரு ஆள் அதன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று பார்த்துக்கொள்ள யாரும் நிற்கவில்லை.

மீனின் தோல் மொறுமொறுப்பாக இல்லை, நனைந்த காகிதம் போல இருந்தது. மேற்பரப்பிலுள்ள ஈரம் முழுவதும் ஆவியான பிறகுதான் சூடு ஏறி, 140 டிகிரி அளவில் அந்தப் பொன்னிறமும் வறுபட்ட மணமும் வரும். ஈரத்தோடு கடாயில் போட்டால் மீன் வேகும், வறுபடாது. அடுத்து வந்த இறைச்சிக்கும் தட்டைச் சூடாக்கவில்லை. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வற்றவைத்த சாஸில் ஜெலட்டின் நிறைய இருக்கும். சில்லென்ற தட்டில் ஊற்றியதும் மேலே ஆடை கட்டிவிட்டது. முள்கரண்டியால் தொட்டபோது அது சுருங்கி நகர்ந்ததை என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தட்டைத் தொடவில்லை.

அலங்காரத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. இலைகள் இடுக்கியால் வைத்த இடத்தில் இருந்தன. சாஸ் புள்ளிகள் பெரிதிலிருந்து சிறிதாக, வரிசை பிசகாமல். பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வாய் நிறைய உணவு இருந்த நேரத்தில் பரிமாறுபவர் வந்து, எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நகரப் பார்த்தார். நிறுத்தி, சாஸ் பிரிந்திருக்கிறது என்றேன். குனிந்து தட்டைக்கூடப் பார்க்காமல், "எங்கள் செஃப் இப்படித்தான் செய்வார், சார்" என்றார்.

எனக்கு எரிந்தது அந்தப் பதிலில்தான். அவர்கள் மெனுவை முற்றிலும் மாற்றியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், ஆனால் புரிந்துகொண்டிருப்பேன். பழைய உணவை அதே பெயரில், அதே தட்டில், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரியாத கைகளால் செய்து கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

முன்னாள் பரிமாறுநர்:

இத்தகைய உணவகங்களில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கக்கூடிய நிலையில் இருந்தவன்தான், அதனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முன்பெல்லாம் மெனுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால், பரிமாறுபவர்கள் அனைவருக்கும் அதைச் சுவைக்கக் கொடுப்பார்கள். மாலையில் கதவு திறப்பதற்கு முன் எல்லோரும் நின்றபடியே ஆளுக்கொரு கரண்டி. இந்த சாஸ் எப்படி இருக்க வேண்டும், எதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று செஃப் சொல்வார். செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்ததும் முதலில் நின்றது இதுதான். அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்துகொண்டார்கள். அந்த சாஸை வாழ்க்கையில் ஒரு முறைகூட ருசித்திராத ஒருவரிடம் போய் அது பிரிந்திருக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்? தாளில் இருப்பதைத்தான் சொல்வார்.

சமையலறைப் பக்கமும் இதே கதை. சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர் என்று பிரித்து வைக்கும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சு சமையல் நிபுணர் எஸ்கோஃபியே. அந்த வரிசையில் சாஸ் செய்பவருக்குத் தனி மரியாதை உண்டு. ஆள் குறைக்கும்போது வெளியே போகிறவரும் அவர்தான், ஏனென்றால் சம்பளம் அதிகம். அவர் வேலையை மீன் பொறுப்பாளரிடம் சேர்த்துவிடுவார்கள். இரு அடுப்புகளையும் ஒரே ஆள் பார்க்கும்போது, சாஸை மாலையிலேயே செய்து சூடுதாங்கும் குடுவையில் ஊற்றிவைத்துவிடுவார். மேசை நிரம்பும் நேரத்தில் அதன் ஆயுள் முடிந்திருக்கும்.

இன்னொன்று. தட்டுகள் வெளியே போகும் மேடையை நாங்கள் 'பாஸ்' என்போம். அங்கே தலைமை செஃப் நின்று ஒவ்வொரு தட்டையும் பார்ப்பார், விரலால் தட்டின் அடியைத் தொட்டுச் சூடு பார்ப்பார், ஓரத்தைத் துடைப்பார். பிடிக்கவில்லையென்றால் திரும்ப அனுப்பிவிடுவார், மேசையில் காத்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி. உங்கள் தட்டு அந்த மேடையைத் தாண்டி வந்திருக்கிறது. அங்கே யாரும் இல்லை, அல்லது இருந்தவருக்கு அதைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் இல்லை. இரண்டாவது கிளை ஏதாவது திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள், தலைமை செஃப் அங்கே போயிருக்கக்கூடும்.

இரண்டாம் கரண்டி:

ஒரு சிறிய எதிர்வாதம். பிரிந்த சாஸை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகிற எவரும் அன்றைய உணவை நினைவிலிருக்கும் உணவோடுதான் ஒப்பிடுகிறார், அந்த நினைவை அவ்வளவாக நம்ப முடியாது. ஓர் அனுபவத்தின் மிகத் தீவிரமான கணமும் அதன் முடிவும்தான் மனதில் தங்குகின்றன, நடுவில் உள்ளவை உதிர்ந்துவிடுகின்றன என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். முதல் முறை போனபோது ரொட்டி எப்படி இருந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மிகவும் பிடித்த ஓர் இடத்துக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகு போனேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது, ஆனாலும் சப்பென்று இருந்தது. குறிப்பாக இனிப்பு. உடன் வந்த தோழி, முதல் முறை வந்தவள், தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சுற்றிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. தரைவிரிப்பு இல்லை, திரைச்சீலை இல்லை, மேசைத்துணிகூட இல்லை. வெற்றுத் தரை, கண்ணாடி, உலோகம். புதுப்பித்திருக்கிறார்களாம். பேச்சுச் சத்தமும் கரண்டிச் சத்தமும் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தன. பலத்த பின்னணிச் சத்தத்தில் உண்பவர்களுக்கு இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிகின்றன என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. என் மேசையில் உட்கார்ந்து அதை நன்றாகவே நம்ப முடிந்தது. தோழிக்கும் அதே சத்தம்தான் என்று வாதிடலாம். அவளுக்கு ஒப்பிட எதுவும் இல்லையே!

துணியை எடுத்தால் சலவைச் செலவு மிச்சம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

தனிமேசை:

எனக்கு உணவில் குறையே இல்லை. தனியாகப் போகிறவள் நான். பழைய மேலாளர் இருந்தவரை சன்னலோர மேசை கொடுப்பார், புத்தகம் படிக்க வெளிச்சம் போதுமா என்று கேட்பார். போன முறை சமையலறைக் கதவுக்கு அருகே உட்காரவைத்தார்கள். சன்னலோரம் காலியாகத்தான் இருந்தது, நான் கிளம்பும் வரையில் காலியாகவே இருந்தது. கேட்டதற்கு, "அது இரண்டு பேருக்கான மேசை, மேடம்" என்றார்கள். நான் அமர்ந்திருந்த மேசையிலும் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இனிப்பு வரும் வரை இருக்கவில்லை.

வாசல்பலகை:

இங்கே யாரும் மிஷெலின் பற்றிப் பேசவில்லையே, உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிற அந்த பிரெஞ்சு வழிகாட்டியைச் சொல்கிறேன். நான் ஏமாந்தது ஒரு நட்சத்திர உணவகத்தில். வாசலில் பலகை பளபளவென்று மாட்டியிருந்தது. உள்ளே போன பிறகுதான் அந்த நட்சத்திரத்தை வாங்கித் தந்த செஃப் விலகிப் பல மாதங்கள் ஆகின்றன என்று பக்கத்து மேசையிலிருந்து காதில் விழுந்தது. நட்சத்திரம் உணவகத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. செஃப் கிளம்பும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அடுத்த பட்டியல் வரும் வரை பலகை அங்கேயே இருக்கும், விலையும்தான்.

மிஷெலின் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, மெனு முழுவதிலும் காலப்போக்கிலும் தரம் மாறாமல் இருக்கிறதா என்பது. என்னைக் கேட்டால் மற்ற நான்கையும் விட அதுதான் கடினம். ஒரு நாள் அற்புதமாகச் சமைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பிரான்சின் லியோன் நகருக்கு அருகே, புகழ்பெற்ற செஃப் பால் போகூஸின் உணவகம் 1965 முதல் மூன்று நட்சத்திரங்களை வைத்திருந்தது. 2018-இல் அவர் இறந்தார். 2020-இல் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தார்கள், பிரான்சில் பெரிய கூச்சலே எழுந்தது. மறுபக்கம், மூன்று நட்சத்திரம் வைத்திருந்த பிரெஞ்சு செஃப் செபாஸ்டியான் பிரா, இந்த அழுத்தத்தோடு சமைக்க விருப்பமில்லை, என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 2017-இல் தானே கேட்டுக்கொண்டார். எடுத்தார்கள். 2019 பட்டியலில் இரண்டு நட்சத்திரங்களோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள், அது வேறு வேடிக்கை.

வெண்ணெய்க்கத்தி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் கரண்டி, நினைவு ஏமாற்றும் என்பது சரி, சத்தம் சுவையைக் கெடுக்கும் என்பதும் சரி. சத்தம் சாஸைப் பிரிக்காது. ரொட்டி பற்றிய கேள்விக்கு: ரொட்டி எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை, வெண்ணெய் மிருதுவாக இருந்தது மட்டும் உறுதி. அதை வெறும் வாயில் சாப்பிடாதே என்று என் மனைவி காலால் இடித்தது நினைவிருக்கிறது.

தனிமேசை, உங்களுக்கு நடந்ததைத்தான் இங்கே எல்லாவற்றிலும் மோசமானதாக நினைக்கிறேன். சாஸ் பிரிவது கைத்தவறு. காலி மேசையை மறுப்பது மனமறிந்து செய்வது.

உணவகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபமாக இல்லை, எந்த உணவு, என்ன குறை, பரிமாறுபவர் சொன்ன பதில் என்று வரிசையாக. மறுநாளே பதில் வந்தது. 'தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஆரம்பித்து, அடுத்த வருகையில் ஆளுக்கொரு பானம் இலவசம் என்று முடிந்தது. சாஸ் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. சமையலறையில் யாரேனும் அந்தக் கடிதத்தைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னாள் பரிமாறுநரே, இரண்டாவது கிளை பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், திறந்திருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போய் உட்கார்ந்து பணம் கொடுத்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

முன்னாள் பரிமாறுநர்:

ஓரளவு இருக்கிறது. முன்பதிவை இணையத்தில் செய்யாமல் தொலைபேசியில் செய்யுங்கள். அன்று இரவு பாஸில் யார் நிற்பார் என்று நேராகக் கேளுங்கள். நல்ல இடத்தில் பெயரையோ பதவியையோ தயங்காமல் சொல்வார்கள், சில சமயம் பெருமையாகவே சொல்வார்கள். 'எங்கள் குழுவில் அனைவரும் திறமையானவர்கள்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். மெனுவில் ஏதாவது ஓர் உணவைச் சொல்லி, அது எப்படி இருக்கும் என்றும் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டவர் பேசுவதற்கும் தாளைப் பார்த்து வாசிப்பவர் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் தொலைபேசியிலேயே கேட்கும்.

போய் அமர்ந்த பிறகு என்றால், முதல் தட்டை வைத்ததும் அதன் அடியைத் தொட்டுப் பாருங்கள். சூடான உணவு குளிர்ந்த தட்டில் வந்திருந்தால் சிறு சிறு தட்டுகளாகப் பல உணவுகள் வரிசையாக வரும் நீண்ட டேஸ்டிங் மெனுவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு உணவோடு பில் கேட்டுவிடலாம். அப்படி முகத்துக்கு நேரே எழுந்து போவது சங்கடமாக இருக்கும் என்பார்கள். எங்களுக்குப் பழக்கம்தான், போகலாம்.

அந்த இலவச பானத்தை மட்டும் வாங்கிக்கொள்ளப் போகாதீர்கள். அதோடு சேர்த்து முழு விருந்துக்கும் பில் வரும்.