எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) எஞ்சின் விதிகள் இறுகுவது நல்லதா, கெட்டதா?

கேள்வி: 2005 வரை 3 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) எஞ்சின், அப்புறம் 2.4 லிட்டர் வி8, 2014-லிருந்து 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் (மின்மோட்டாரும் சேர்ந்தது). 2025 வரை எரிபொருள் ஓட்டத்துக்கும் மணிக்கு 100 கிலோ என்று வரம்பு இருந்தது. இப்படிக் கட்டிப்போட்டால் பந்தயம் எதற்கு?

பதில் 1: கெடுதல்தான். 2014 மெல்போர்ன் பந்தயத்தில் ரெட் புல் ஓட்டுநர் ரிக்கார்டோ இரண்டாவதாக வந்து மேடையும் ஏறினார், சில மணி நேரத்தில் அந்த ஓட்ட வரம்பை மீறியதாகச் சொல்லி முடிவிலிருந்தே நீக்கிவிட்டார்கள், பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

பதில் 2: அதே வரம்புதான் பொறியாளர்களைத் துளித்துளியாகச் சக்தி பிழிய வைத்தது. வெப்பத்திறன், அதாவது எரிபொருளின் சக்தியில் வேலையாக மாறும் பங்கு, 50 சதவீதத்தைத் தாண்டியது, சாதாரண பெட்ரோல் கார் அதன் பக்கத்தில்கூட வராது.

பதில் 3: சரி, ஆனால் முதலில் சூட்சுமம் பிடித்த மெர்சிடீஸ் 2014 முதல் 2021 வரை அணிப் பட்டம் எட்டையும் அள்ளியது. என் கோபம் வரம்பின் மேல் இல்லை, சிக்கலின் மேல். புகைபோக்கி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியு-எச் புதிதாக வருபவர்களுக்குச் சுவராக நின்றது. 2026 விதிகளில் அதை நீக்கியதும் ஆடி உள்ளே வந்தது, ஹோண்டாவும் திரும்பியது. அங்கே எதை விட வேண்டும் என்று யோசித்து எழுதினார்கள்.