அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது, எலும்புத் தேய்மானமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் கம்பம். அம்மா தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். காய் பிடிக்கிற சரம் செடியின் அடியில்தானே இருக்கும், நாள் முழுக்கக் குனிந்தே வேலை. இப்போது வலது இடுப்பில் தொடங்கி கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது, இருமினால் கூடுகிறது. தேய்மானம், மூன்று மாதம் படுத்தே இருக்கணும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். உண்மையா?

பதில் 1: தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட், குமுளிப் பக்கம். இருமும்போது கூடுகிறது என்றால் எலும்பைவிட வட்டின் மேல்தான் சந்தேகம் வருகிறது. கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகள், இடையிடையே மெத்தை மாதிரி வட்டுகள். குனிந்து குனிந்து அழுத்தம் ஏறி வட்டு பிதுங்கினால் பக்கத்து நரம்பு வேரில் படும், வலி காலுக்கு இறங்கும். சயாட்டிக்கா என்பது இதுதான். பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே தணியும். மூன்று மாதம் படுக்கவே வேண்டாம், தசை இளைத்துவிடும். தாங்குகிற அளவு நடக்கட்டும். ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. எங்க அத்தைக்கும் இதேதான். அப்புறம், கங்காணியிடம் பேசி, குனியாத வேலை கொஞ்ச நாள் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணே. பாதம் நன்றாகத் தூக்குகிறார், இப்போதே பார்த்தேன். திங்கள்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.