மறுமொழி: அடுத்த கோடைக் கூடல் – ஹாலா, பூங்காவா?

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் நம் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கோடைக் கூடலை எங்கே நடத்துவது என்று இரண்டு வாரமாக மடல்கள் பறக்கின்றன. சிகாகோ அண்ணன் ஓட்டல் ஹால் என்கிறார், டல்லாஸ் மாப்பிள்ளை பூங்கா என்கிறார். சாப்பாடு சைவமா அசைவமா என்பதில் மட்டும் பதினெட்டு மடல் எண்ணினேன். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. மில்வாக்கியில் பல கோடைகளை ஏரிக்கரைத் திருவிழாக்களிலேயே கழித்தவன் என்ற முறையில் வேறொன்று சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளும்.

இங்கே மிச்சிகன் ஏரிக்கரையில் 75 ஏக்கர் திடல் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது ராணுவ ஏவுகணைத் தளம். ஜெர்மனியில் மியூனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்த மில்வாக்கி மேயர் ஹென்றி மையருக்கு நம் ஊரிலும் இப்படி ஒன்று நடத்தினால் என்ன என்று தோன்ற, 1968-ல் சம்மர்ஃபெஸ்ட் என்ற இசைத் திருவிழா தொடங்கியது. இரண்டு வருடத்தில் அது இந்தத் திடலுக்கு வந்தது. இப்போது திடலுக்கே அவர் பெயர். பிறகு ஒவ்வொரு சமூகமாக அங்கே வார இறுதிகளைப் பிடித்தது. 1978-ல் இத்தாலியர்கள், 1981-ல் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும், அடுத்த வருடம் போலந்துக்காரர்கள். ஜெர்மன் விழாவில் குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட் நாய்களுக்கு ஓட்டப் பந்தயம் உண்டு. பாதி நாய்கள் பாதி வழியில் திரும்பிவிடும். என் மகனுக்கு ஜெர்மனி என்றாலே அதுதான்.

வந்த புதிதில் 'இந்தியன் சம்மர்' என்று விளம்பரம் பார்த்து, இட்லி கிடைக்கும் என்று குடும்பத்தோடு கிளம்பிப் போனேன். போனால் அது அமெரிக்கப் பழங்குடி மக்களின் விழா! ஒரே பெரிய முரசைச் சுற்றி உட்கார்ந்து பல பேர் சேர்ந்து அடித்துக்கொண்டே பாடினார்கள். அசடு வழிந்தாலும் இருந்து பார்த்தோம். நீரில் விளையும் காட்டரிசியை முதன்முதலில் அங்கேதான் சாப்பிட்டேன். இந்தப் பக்கத்து ஓஜிப்வே மக்கள் அதை ஏரியில் படகில் போய், கதிரைக் கோலால் தட்டி அறுவடை செய்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலியர் கதைதான் நமக்கு வேண்டியது.

திடலை ஒட்டி மூன்றாம் வார்டு என்று ஒரு பகுதி. முதலில் அங்கே ஐரிஷ் குடும்பங்கள் இருந்தன. 1892 அக்டோபரில் பிடித்த தீயில் 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாக, அவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். அந்த இடத்துக்கு இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். இவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஊர் ஊராகச் சங்கம் வைத்தது. கிட்டத்தட்ட நம் சங்கம் மாதிரியேதான். ஒவ்வொரு சங்கத்துக்கும் தன் ஊர்ப் புனிதர், அவருக்கு ஒரு திருநாள், சொரூபத்தைத் தோளில் தூக்கித் தெருவில் பவனி, வாத்தியம், விருந்து. நம்ம ஊர் மண்டகப்படி கணக்கேதான். நடுவில் பொம்பேய் மாதா கோயில். சுவர் நிறத்தை வைத்து 'சின்ன இளஞ்சிவப்புக் கோயில்' என்பார்கள். நெடுஞ்சாலைக்காக 1967-ல் அதை இடித்துவிட்டார்கள். வீடுகளும் போயின, ஜனங்கள் நகரமெங்கும் சிதறினார்கள்.

பதினோரு வருடம் கழித்து அவர்கள் ஏரிக்கரையில் திரும்பக் கூடியதுதான் ஃபெஸ்டா இத்தாலியானா. கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். நம்ம பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதற்கு நிற்கும் வரிசையைப் பார்த்து விழாவே அதுதான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பவனி வந்தது. பீர்க் கடைக்கும் மேடைக்கும் நடுவே சொரூபங்களைத் தூக்கி வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எந்தச் சொரூபம் யாருடைய ஊர்க்காரர்களுடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பேரன் கேட்டுக்கொண்டிருந்தானா என்று பார்த்தேன். பையன் போனில் இருந்தான்.

ஐரிஷ்காரர்கள் இன்னொரு படி போனார்கள். திருவிழாவின் கையோடு 1992-ல் ஓர் இசை ஆவணக் காப்பகம் தொடங்கி, பழைய இசைத்தட்டு, பாட்டுத் தாள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விழாவின் கடைசி இரவு, வந்த கலைஞர்கள் எல்லோரும் ஒரே மேடையில் ஏறி வாசிப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிதறல்'.

நம் கூடலில் என்ன நடக்கிறது? போன தடவை டிஜே வந்தார், பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த ஊர்க் கூடலாகவும் இருந்திருக்கலாம். நம்ம ஊர் முளைப்பாரிக் கும்மி என் அப்பத்தாவுக்கு முழுதாகத் தெரியும். அவர் இருந்தவரை நான் பதிவு செய்யவில்லை. எனக்கு முதல் நாலு அடிதான் வரும், அதற்கப்புறம் 'தன்னானே'தான். ஊரில் அது தெரிந்த ஆத்தாக்கள் இப்போது மூன்றோ நாலோ பேர்தான் இருப்பார்கள்.

அதனால் ஹாலா பூங்காவா என்பதை வாக்கெடுப்புக்கு விடுங்கள், எதுவானாலும் சரி. டிஜேவுக்கு ஒதுக்கும் பணத்தில் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்குவோம். இந்த ஆடிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள், கருவி தேடி வரும்.

அப்புறம், சிங்கப்பூர்ச் சித்தப்பா டேப் ரெக்கார்டர் கொண்டு வந்த வருடம் புரவியெடுப்பு மேளத்தையும் கும்மியையும் சேர்த்துப் பதிந்தார். அந்தக் கேசட்டுப் பெட்டி கீழவீட்டுப் பரணில் இருந்தது. வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கீழவீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்த மடலைப் பார்த்தால் இன்றைக்கே ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் குப்பையில் போட வேண்டாம்.